எந்தக் கை என்று கேட்டவள்

அவளுக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர் வைத்தது நான்தான். எக்ஸ்ரே பிரிவில் டோக்கன் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். எவருக்கு எந்தப் பெயர் ஒட்டும் என்பது ஆள் நடந்து வரும்போதே எனக்குத் தெரிந்துவிடும். எங்கள் பிரிவுத் தலைவருக்கு 'அமைதி ஐயா'. வரிசையில் சண்டை வந்தால் வெளியே வந்து "அமைதி, அமைதி" என்பார். சண்டை பெரிதானால் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்கும் முதுகுக்குப் பின்னால் ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் இங்கே சொல்வதாக இல்லை.

இவள் சேர்ந்த முதல் நாள் வந்தவர்களிடமெல்லாம் "எந்தக் கை?", "எந்தக் கால்?" என்று கேட்டாள். அவர்கள் சொன்னதும் மேசையில் படுக்க வைத்துவிட்டு மறுபடியும் அதையே கேட்டாள். ஒரு பெரியவர் கடுப்பாகிவிட்டார்.

"ஏம்மா, கதவுக்கும் மேசைக்கும் நடுவுல கால் மாறிடுமா?"

"கால் மாறாது தாத்தா. நான் மறந்துடலாம்ல."

அன்றைக்கு வைத்த பெயர்தான் அது. இருபத்து மூன்று வயது, குச்சி உடம்பு. ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டால் அந்தக் கவசம்தான் இவளை நடத்திக்கொண்டு போகிறதோ என்று தோன்றும். அப்பா ஒரு அடுக்குமாடி அலுவலகத்தில் லிஃப்ட் இயக்குபவராக இருந்து, முழங்கால் போய், வீட்டில் உட்கார்ந்துவிட்டவர். அம்மாவுக்குக் கண் சரியில்லை. இது நடந்த சமயத்தில் இவள் வேலை நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. மூன்று மாதம் பாக்கி. அந்த மூன்று மாதத்தைப் பற்றி ஒரு நாளைக்கு நாலு முறையாவது என்னிடம் பேசுவாள்.

எக்ஸ்ரே எடுப்பவர்கள் எல்லோரிடமும் விரல் நகம் அளவுக்கு இரண்டு ஈய எழுத்துகள் இருக்கும். வலது பக்கத்துக்கு 'ஆர்', இடது பக்கத்துக்கு 'எல்'. படம் எடுக்கும் முன் சரியான எழுத்தை, படம் பதிவாகும் தட்டின் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டிவிட வேண்டும். எலும்போடு சேர்ந்து எழுத்தும் படத்தில் வெள்ளையாக விழும். எழுத்துகள் அவரவருக்குச் சொந்தம், மாற்றிக்கொள்வதில்லை. இவளுடைய எழுத்துகளின் மூலையில் ஊசியால் குத்திய இரண்டு புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளி இருந்தால் படம் எடுத்தது இவள் என்று அர்த்தம். எழுத்தை மாற்றி ஒட்டுவதைவிடப் பெரிய அசிங்கம் இந்தத் தொழிலில் கிடையாது. நல்ல முழங்காலை அறுத்த கதைகளைச் சொல்லித்தான் பயிற்சியையே தொடங்குவார்கள்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் வரிசையைப் பிளந்துகொண்டு ஓர் இளைஞனை நடத்தி வந்தார்கள். பெரிய உருவமாக இருந்தவர் என் ஜன்னலுக்குள் சீட்டை நீட்டினார். சீட்டில் டாக்டர் "கை" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் தலையைத் தூக்காமல் கேட்டேன்.

"எந்தக் கை?"

"வலது. கீழ விழுந்துட்டான்."

பதிவேட்டில் "வலது கை" என்று எழுதி டோக்கனைக் கொடுத்தேன். அந்த இளைஞனின் முகத்தை நான் பார்க்கவில்லை. இந்தக் கதையில் என் பங்கு அவ்வளவுதான் என்று ஏழு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நடந்ததை அவள்தான் பிறகு எனக்குச் சொன்னாள். வழக்கம்போல அவனிடம், "எந்தக் கைங்க?" என்று கேட்டிருக்கிறாள். அவன் வாயைத் திறந்தான், பெரிய உருவப் போலீஸ்காரரைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

"வலதுன்னு வெளியிலயே சொல்லியாச்சு. சீக்கிரம்" என்றார் அவர்.

அவள் 'ஆர்' எழுத்தை எடுத்து ஒட்டினாள். "கைய வைங்க" என்றாள். அவன் வலது கையால் இடது கையைத் தூக்கி, யாருடைய சாமானையோ வைப்பதுபோல மெதுவாகத் தட்டின் மேல் வைத்தான். விரல்கள் வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இரண்டு நகங்கள் கறுத்திருந்தன.

கதிர் படும், வெளியே இருங்கள் என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பார்த்தாள். அவர் வெளியே போகவில்லை. தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வந்து இவள் தோளுக்கு ஒட்டினாற்போல நின்றுகொண்டார். வழக்கமாக அந்த இடத்தில்தான் இரண்டாவது தடவை கேட்பாள். கேட்டிருந்தால் எழுத்து தப்பு என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அன்றைக்குக் கேட்கவில்லை. கழுத்தில் அவர் மூச்சு படும்போது எதுவும் கேட்கத் தோன்றவில்லை என்றாள். பொத்தானை அழுத்திவிட்டாள்.

திரையில் மூன்று விரல்களின் எலும்பு உடைந்திருந்தது. மூன்றும் ஒரே உயரத்தில், ஒரே கோட்டில்.

"விழுந்த மாதிரி இல்லையே" என்று அவளை அறியாமல் வாய் சொல்லிவிட்டது.

"நீ டாக்டரா?"

அவர்கள் படத்தையும் சீட்டையும் வாங்கிக்கொண்டு என்னிடம் முத்திரை போட்டுக்கொண்டார்கள். டாக்டரிடம் திரும்பிப் போகாமல் நேராக வாசலுக்கு நடந்தார்கள். கோர்ட்டில் நிறுத்துவதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதாக ஒரு தாள் வேண்டும், தாள் கிடைத்துவிட்டது. அன்று மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடினாள்.

"அக்கா, அவர்கிட்ட ரெண்டாவது தடவ கேக்கல."

"விடு. ஊர்ல இருக்கிற எல்லார் கையும் உன் பொறுப்பா?" என்றேன்.

ஏழு வாரம் கழித்து மாஜிஸ்திரேட் விசாரணைக்கு வரச்சொல்லி அவளுக்குக் கடிதம் வந்தது. அப்போதுதான் விஷயம் எங்களுக்கு முழுதாகத் தெரிந்தது. அவன் சரக்குக் கிடங்கில் மூட்டை தூக்குபவன். பதினான்கு மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று கிடங்கு வாசலில் உட்கார்ந்த இருபது பேரில் ஒருவன். போலீஸ்காரரைத் தாக்கினான் என்று பிடித்துக்கொண்டு போய், மூன்று நாள் வைத்திருந்து, மூன்றாம் நாள்தான் எங்களிடம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஜாமீனில் வெளியே வந்ததும் ஸ்டேஷனில் கையை உடைத்தார்கள் என்று புகார் கொடுத்திருக்கிறான். இடது கை. ஜாமீனில் வந்தபிறகு தானே உடைத்துக்கொண்டு தங்கள் மேல் பழி போடுகிறான் என்பது போலீஸ் தரப்பு.

காவலில் இருந்தபோதே கை உடைந்திருந்தது என்பதற்கு உலகத்தில் ஒரே ஒரு சாட்சி, அந்தச் செவ்வாய்க்கிழமை இவள் எடுத்த படம். அச்சிட்ட படத்தை அவர்கள் கொண்டுபோய்விட்டாலும் கணினியில் அது இருந்தது. திறந்து பார்த்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உடைந்த மூன்று விரல்கள், தேதி, நேரம். ஓரத்தில் வெள்ளையாக 'ஆர்'. மூலையில் இரண்டு புள்ளிகள்.

அவனுடைய வலது கைக்கு ஒன்றும் இல்லை என்பது ஊருக்கே தெரியும். வலது கை உடைந்ததாகக் காட்டும் படம் அப்படியானால் அவனுடையதாக இருக்க முடியாது, வேறு யாருடையதோ. படம் செல்லாது என்று தள்ளிவிட்டால் இடது கை எப்போது உடைந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அவன் பொய்ப்புகார் கொடுத்தவனாகிவிடுவான். தாக்கிய வழக்கிலும் உள்ளே போவான்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அந்த ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரே வந்தார். அதட்டல் உருட்டல் எதுவும் இல்லை. அமைதி ஐயாவின் அறையில் உட்கார்ந்து இவளையும், பதிவேட்டோடு என்னையும் கூப்பிட்டார். பதிவேட்டைத் திருப்பி என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"வலது கை. சரிதானேம்மா?"

"எழுதியிருக்கு சார்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தார். "உங்களப் பத்தி விசாரிச்சேன். எதையும் ரெண்டு தடவ கேப்பீங்களாமே. இப்படி ஒரு பொண்ணு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வேணும். மார்க்கர் எழுத்துல எல்லாம் உங்களுக்குத் தப்பு வராது, இல்லையாம்மா?"

அவள் பதிவேட்டின் மேல் இருந்த அவர் விரலையே பார்த்தாள்.

"நீங்க பெருசா எதுவும் சொல்ல வேண்டாம். எழுத்த நான்தான் ஒட்டினேன், சரியா ஒட்டினேன். அவ்வளவுதான். படம் எங்கயோ மாறிப்போயிருக்கு, அது கம்ப்யூட்டர் தப்பு. உங்க மேல ஒரு தூசி விழாது. அடுத்த மாசம் நிரந்தரம் ஆகப்போறீங்கன்னு ஐயா சொன்னார்."

அமைதி ஐயா ஜன்னல் வழியாக வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்படி என்ன அதிசயம் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

மிரட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது. அந்த ஆள் கேட்டது பொய்சாட்சி மாதிரியே தெரியவில்லை. நீ தப்பே செய்யாதவள் என்று ஒத்துக்கொள் என்றுதான் கேட்டார். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்தப் பெண் ஏங்கிக்கொண்டிருந்த சான்றிதழை அவரே கையில் கொண்டுவந்து நீட்டினார். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் இவள் சபையில் எழுந்து நின்று, தன் தொழிலின் பெரிய அசிங்கத்தைத் தானே செய்ததாகச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த ஆளை அப்படியே வரிசையில் கடைசி ஆளாக நிற்க வைத்து, சாயங்காலம் வரை டோக்கன் கொடுக்காமல் இருக்க வேண்டும் போலிருந்தது. என்னால் செய்ய முடிந்தது பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததுதான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவளிடம் எனக்குத் தெரிந்த புத்தியைச் சொன்னேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. எழுத்து என்னுதுதான்னு சொல்லு. மேல பேசாத. பொய்யும் இல்ல, வம்பும் இல்ல."

"அவங்க ஒண்ணுதான் கேப்பாங்க அக்கா. எந்தக் கைன்னு."

"ஞாபகம் இல்லன்னு சொல்லிடு. ஒரு நாளைக்கு எழுபது பேரப் பாக்குற."

"ஞாபகம் இருக்கே."

"வேலை போயிடும்டி. அப்பா முகத்த நெனச்சுப் பாத்தியா?"

"அப்பாகிட்ட சொல்லிட்டேன். லிஃப்ட்ல தப்பான மாடியில இறக்கிவிட்டா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். 'மன்னிச்சிடுங்கன்னு சொல்லி மறுபடியும் ஏத்திக்கிட்டு சரியான மாடிக்குப் போவேன்'னார். அப்புறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். அழுதாரான்னு தெரியல, நான் பாக்கல."

பஸ் வந்தது. ஏறும்போது படியில் அவள் கால் நடுங்கியதைப் பார்த்தேன். தைரியசாலி என்று பின்னால் பத்திரிகைகளில் எழுதினார்களே, அவர்கள் யாரும் அந்தக் காலைப் பார்க்கவில்லை.

விசாரணை நடந்தது ஒரு சின்ன அறை. சுவர் ஓரம் கட்டுக்கட்டாகக் காகிதம், சத்தம் போடும் மின்விசிறி, ஆளுக்கொன்றாக ஒத்துவராத நாற்காலிகள். நான் துணைக்கு என்று லீவு போட்டு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பதிவேட்டை ஆஸ்பத்திரியிலிருந்து அவர்களே வரவழைத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். அந்த இளைஞன் இடது கையை மடியில் வைத்து வலது கையால் மூடியிருந்தான். அன்றைக்குத்தான் அவன் முகத்தைப் பார்த்தேன். எங்கள் தெருவில் பந்து விளையாடுகிற வயசு.

மாஜிஸ்திரேட் ஓர் அம்மா. படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு இவளிடம் கேட்டார்.

"இந்த எழுத்து உங்களோடதா?"

"ஆமாம்மா."

"அப்போ இது வலது கை."

"இல்லம்மா. இடது கை. எழுத்த நான் தப்பா ஒட்டிட்டேன்."

போலீஸ் தரப்பு வக்கீல் எழுந்தார். தப்பு உங்களுடையது என்று உங்கள் வாயாலேயே சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றாள். எழுத்தில் தப்பு செய்கிறவர் ஆளை மாற்றிப் பதிவு செய்திருக்க மாட்டாரா என்றார். அதில் தப்பில்லை என்றாள். எதை வைத்து இடது கை என்கிறீர்கள் என்றார்.

அவள் தன் இடது கையை மேசைமேல் உள்ளங்கை கீழே படும்படி வைத்தாள். "நாங்க கைய இப்படித்தான் வைக்கச் சொல்லுவோம். இடது கைய இப்படி வெச்சா கட்டை விரல் வலப்பக்கம் வரும். படத்துல அப்படித்தான் இருக்கு."

"வலது கையை மல்லாத்தி வெச்சாலும் கட்டை விரல் வலப்பக்கம்தான் வரும். உண்டா, இல்லையா?"

"உண்டு."

"அப்போ இதுல நிச்சயம்னு எதுவும் இல்ல."

"நான் பாத்தேன் சார். அவர் வலது கையால இடது கையத் தூக்கி வெச்சார்."

"நீங்க பாத்தீங்க. தப்பு செய்யறவங்க பாத்தது." வக்கீல் பதிவேட்டைத் திறந்தார். "இது உங்க ஆஸ்பத்திரி பதிவேடு. அதே தேதி, அதே பேரு. இங்க என்ன எழுதியிருக்கு, படிங்க."

அவள் படிக்கவில்லை. அந்த வரியை யார் எழுதினார்கள் என்று அவளுக்குத் தெரியும். அக்கா போலீஸ் சொன்னதைக் கேட்டு எழுதினாள், ஆளைப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என் பக்கம் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. தன் தப்பை மட்டும்தான் சொல்ல வந்திருந்தாள். என்னுடையதைச் சொல்லித் தப்பிக்க அவளுக்கு மனசு வரவில்லை.

"வலது கைன்னு எழுதியிருக்கு" என்று வக்கீலே படித்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த இளைஞன் தலை குனிந்தான்.

பதினெட்டு வருடத்தில் என் ஜன்னலைத் தாண்டி யாருக்காகவும் நான் எழுந்ததில்லை. எனக்கு ஐம்பத்தொரு வயது, ஓய்வுக்கு ஏழு வருடம் இருந்தது. முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தே இருந்திருக்கலாம். எப்படி எழுந்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்து பெரிய சத்தம் வந்தது, அது மட்டும் தெரியும்.

"அம்மா, அத எழுதினது நான்" என்றேன். "டோக்கன் குடுக்கிறவ. எந்தக் கைன்னு கேட்டேன். பதில் சொன்னது போலீஸ்காரர். நான் தலையத் தூக்கிப் பாக்காம எழுதிட்டேன். அந்தப் பையன நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"உங்களை யாரும் கூப்பிடலையே" என்றார் வக்கீல்.

"கூப்பிடலதான். கூப்பிட்டிருந்தா வந்திருக்க மாட்டேன்" என்றேன். அறையில் யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, விழுந்த நாற்காலியை எடுத்து நிறுத்தினேன்.

மாஜிஸ்திரேட் அம்மா எங்கள் இருவர் சொன்னதையும் எழுதச் சொன்னார். பிறகு அவனுக்குப் புதிதாக எடுத்த இடது கைப் படத்தையும் எங்கள் பழைய படத்தையும் வெளியூர் நிபுணர் ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க உத்தரவிட்டார். மூன்று வாரத்தில் அறிக்கை வந்தது. இரண்டும் ஒரே கை. பெரிய உருவப் போலீஸ்காரரையும் இன்ஸ்பெக்டரையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அவளுக்கு நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. உத்தரவை அமைதி ஐயா தன் கையால் கொடுக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவள் கழிவறையில் போய் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்து யாரு அக்கா?" என்றாள்.

பிறகு கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் அவளைத் தேடி வந்தார்கள். மனித உரிமைக்காக ஏதோ கூட்டம் நடத்துகிறார்களாம், இவள் வந்து பேச வேண்டுமாம். ஒரு பெண் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்களுக்கு உந்துதலா இருந்தது யாருங்க?" என்று கேட்டாள். இவள் முழி பிதுங்க என்னைப் பார்த்தாள். நான் டோக்கன் கிழிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

"யாரும் இல்லங்க" என்றாள் கடைசியில். "நான் ஒருத்தர்கிட்ட எந்தக் கைன்னு கேட்டேன். அவரால சொல்ல முடியல. அதே கேள்விய என்கிட்ட கேட்டாங்க. என்னால சொல்ல முடிஞ்சது. அவ்வளவுதான்."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். நோட்டில் நிரப்ப அது போதவில்லை போலும்.

நாலு மாதம் கழித்து அந்த இளைஞன் வந்தான். எலும்பு கூடியிருக்கிறதா என்று பார்க்க டாக்டர் அனுப்பியிருந்தார். உடன் யாரும் இல்லை. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் ஜன்னலில் சீட்டை வைத்தான். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன்.

"எந்தக் கைப்பா?"

"இடது கை அக்கா."

எழுதினேன். உள்ளே போனான். கதவு திறந்தே இருந்தது. அவள் எழுத்து எதையும் கையில் எடுக்காமல் அவன் எதிரில் நின்றாள்.

"எந்தக் கைங்க?"

"இடது."

அவன் கையை வைத்தான். இந்த முறை எந்தக் கையும் அதைத் தூக்கிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அவள் 'எல்' எழுத்தை எடுத்து டேப் கிழித்தாள். ஒட்டவில்லை, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எந்தக் கை?" என்று இரண்டாவது தடவை கேட்டாள்.

வரிசையில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்கும்படி, "இடது கை" என்று அவன் சத்தமாகச் சொன்னான்.